கணப்பு இருக்கும் கூடத்தில் ஓர் ஓஎல்இடி: கோத்தகிரியில் எட்டு மாதங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு 55 அங்குல ஓஎல்இடி தொலைக்காட்சி, அதாவது மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் பொருளால் ஆன திரை, வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. ஜூன் மாத மேகமூட்டத்தையும், ஐப்பசி இடிமழையையும், தை மாத உறைபனியையும் அது எங்களோடு சேர்ந்து கண்டுவிட்டது. தயாரிப்பு நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பகுதி இவ்வகைத் திரை எல்லாவற்றுக்கும் பொதுவானது.

வாங்குவதைவிட மேலே கொண்டுவருவதுதான் பெரும்பாடாக இருந்தது. திரை இரண்டு அட்டைகளை ஒட்டியது போல அவ்வளவு மெல்லியது என்பதால் பெட்டியைப் படுக்கவைக்கவே கூடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி ஏறும்வரை அதை நிமிர்த்தியே கட்டிவைத்து, வளைவுக்கு வளைவு ஒருவர் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வந்தோம். பொருத்த வந்தவர் கூடத்தைப் பார்த்ததும், கணப்புக்கு மேலே உள்ள சுவரில் மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்றார். எடுப்பாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மார்கழியில் அந்தக் கணப்பு எரியும்போது மேலே எழும் சூடும் புகையும் நேராகத் திரையின் முதுகில்தான் படும். பார்ப்பவர்களின் கழுத்தும் அண்ணாந்தே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளிச்சுவர்கள் ஓதம் ஏறிக் கிடக்கும் வீடு என்பதால், உட்சுவர் ஓரமாக ஒரு தேக்கு மேசையின் மேல், சுவருக்கும் திரைக்கும் இடையே ஒரு கை இடம் விட்டு வைத்தோம்.

ஈரக்காற்று திரையைத் தின்றுவிடாதா என்று கேட்காத விருந்தினர் இல்லை. கேள்வி நியாயமானதே. ஒளிரும் கரிமப் பொருள் ஈரத்துக்கும் ஆக்சிஜனுக்கும் பகை. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதைக் காற்றுப் புகாமல் அடைத்து அனுப்புகிறார்கள். வீட்டில் நாம் அஞ்ச வேண்டியது பின்புறத்து மின்சுற்றுகளிலும் இணைப்புகளிலும் படியும் நீரைத்தான். குளிர்ந்து கிடந்த பெட்டியை இளஞ்சூடான கூடத்தில் திறந்ததும் இயக்கிவிடாமல், ஓர் இரவு அப்படியே விட்டுவைத்தோம். பழைய பிளாஸ்மா திரைகளுக்கு மலையில் வேறொரு தொல்லை இருந்தது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், கண்ணாடிக்குள் வாயு அடைத்த அந்தத் திரைகள் வண்டு போல ரீங்காரமிடும். ஓஎல்இடியில் வாயு அறைகள் இல்லை என்பதால் அந்தச் சத்தமும் இல்லை.

இனி படத்துக்கு வருகிறேன். சாதாரண எல்இடி தொலைக்காட்சியில் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கறுப்பு என்பது அந்த விளக்கை மறைக்கும் முயற்சி மட்டுமே. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, கறுப்பு வேண்டிய இடத்தில் தானே அணைந்துவிடுகிறது. எட்டு மணிக்கெல்லாம் இருட்டும் குளிரும் சூழ்ந்துவிடும் எங்கள் ஊரில், கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டால் இதன் அருமை புரியும். 1950களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டபோது, படத்தின் இருபுறமும் நிற்கும் கறுப்புப் பட்டைகள் அறையின் இருளோடு கலந்து, நடுவில் முகங்கள் மட்டும் மிதந்தன. கேபிளில் வரும் சாதாரண தரச் சேனல்களை இது அழகாக்கிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். இருட்டுக் காட்சிகளில் முன்பு கண்ணுக்குப் படாத கட்டம் கட்டமான பிசிறுகள் இப்போது நன்றாகவே தெரிகின்றன.

பகலில் கதை வேறு. ஜன்னல் வெளிச்சம் திரையில் கண்ணாடிபோல் பிரதிபலிக்கிறது. தடித்த திரைச்சீலை இல்லாமல் பயனில்லை. பனி படர்ந்த மலை திரை முழுவதும் வெள்ளையாய் நிறையும்போது, இந்தத் தொலைக்காட்சி தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் உண்மையான மேகம் அப்படிக் குறைந்துகொள்வதில்லை.

அமைப்புகளில் அதிகம் கைவைக்கத் தேவையில்லை. கடையில் கண்ணைப் பறிப்பதற்கென்று வைத்திருக்கும் ‘விவிட்’ என்ற நிலையை விட்டு, ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ நிலைக்கு மாறினாலே முகங்களின் நிறம் இயல்பாகிவிடும். முதல் இரண்டு நாள் மஞ்சள் அடித்தது போலத் தோன்றும், கண் பழகிவிடும். அசைவை வழவழப்பாக்கும் வசதியை முற்றிலும் அணைத்துவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சினிமா நொடிக்கு 24 படங்கள். இந்தத் திரையின் புள்ளிகள் நொடிப்பொழுதில் மாறுவதால், கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகள் தட்டித் தட்டி நகர்கின்றன. அந்த வசதியை மிகக் குறைந்த அளவில் வைத்தபோது உறுத்தல் போனது, படம் தொலைக்காட்சித் தொடர் போலவும் ஆகவில்லை.

உண்மையான சிக்கல் எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. நாள் முழுவதும் செய்திச் சேனல் ஓட வேண்டும். இரவில் தொலைக்காட்சியை அணைத்த கையோடு சுவரில் உள்ள சுவிட்சையும் அணைத்தாக வேண்டும். இரண்டுமே ஓஎல்இடிக்கு ஆகாதவை. கரிமப் பொருள் ஒளிர ஒளிரத் தேய்வது. சேனலின் சின்னமும் அடியில் ஓடும் சிவப்புப் பட்டையும் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் எரிந்தால், அந்த இடம் மற்ற இடங்களைவிட முன்னதாகத் தேய்ந்து நிலையான தழும்பாகிவிடும். இதைச் சமாளிக்க, கூட்டுக்கணக்கில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடியபின் அணைக்கும்போதெல்லாம், திரை இருண்ட நிலையிலேயே சில நிமிடங்கள் தன் புள்ளிகளை அளந்து சரிசெய்துகொள்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டும். சுவிட்சை அணைத்தால் அந்த வேலை நடக்காது. “இடி இறங்கினா உன் டிவிதான்டா போகும், பாத்துக்கோ” என்று அம்மா சொல்வதையும் தள்ள முடியாது. ஐப்பசியில் இங்கே இடி இடிக்கும் விதம் அப்படி. கடைசியில், மின் அதிர்வைத் தடுக்கும் பலகை ஒன்றை இடையில் பொருத்தி, அணைத்து அரைமணி நேரம் கழித்தே சுவிட்சைத் தொடுவது, இடி கேட்டால் மட்டும் உடனே பிளக்கையே பிடுங்கிவிடுவது என்று உடன்பாடு ஆனது. அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஒலி சுமார்தான், மெல்லிய உடலுக்குள் ஒலிபெருக்கிக்கு இடம் ஏது. தனி ஒலிப்பட்டை ஒன்றை, தொலைக்காட்சியின் ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ ஆர்க் துளையில் இணைத்திருக்கிறேன்.

இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர்கள் விலையைப் பொறுத்துக்கொண்டு இதை வாங்கலாம். பகலெல்லாம் செய்தியும் தொடரும் ஓடும் வீட்டுக்கு நல்ல எல்இடி ஒன்றே போதும். எங்கள் பழைய எல்இடியை விற்பதற்காகத் துடைத்து வைத்திருந்தேன். அது இப்போது சமையலறையை ஒட்டிய அறையில் அம்மாவின் செய்திச் சேனலோடு ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் சுவிட்சை அம்மா இஷ்டப்பட்ட நேரத்தில் அணைத்துக்கொள்கிறார்.