ஒஹாயோ காட்டில் மான் வேட்டை: இரட்டைக்குழலா, லீவரா, போல்ட்டா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரில் இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் வங்கிக் காவலாளி தோளில் மாட்டியிருக்கும் ஷாட்கன்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது பார்க்க அதேபோல இருக்கும் ரைஃபிள். குழலின் உள்ளே சுருள் வரிகள் உண்டு, ஒரு தோட்டாவுக்கு ஒரே குண்டு. யானையும் காட்டெருமையும் பாய்ந்து வரும்போது இரண்டாவது வெடி தாமதிக்கக் கூடாது என்பதற்காக ஆங்கிலேயக் கைவினைஞர்கள் செம்மைப்படுத்திய ஆயுதம். அதை எடுத்துக்கொண்டு வெள்ளைவால் மானைத் தேடிப் போவது சரிப்படுமா?

சரிப்படுமா என்பதை அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சட்டமே பாதி தீர்மானித்துவிடுகிறது. பல காலம் இங்கே மானுக்கு ஷாட்கன், குழல்வாய் வழியே வெடிமருந்து கிட்டிக்கும் துப்பாக்கி போன்றவைதான். 2014-இல் ரைஃபிளையும் அனுமதித்தார்கள், ஆனால் தோட்டாவின் கூடு நேராக இருக்க வேண்டும். பாட்டில் போலக் கழுத்து ஒடுங்கியிருந்தால் ஆகாது. அமெரிக்க மான் வேட்டையின் செல்லப்பிள்ளையான .30-30 தோட்டா இதனாலேயே இங்கே வெளியே நிற்கிறது. எல்லை தாண்டிப் பென்சில்வேனியா போனால் அதே தோட்டா தாராளமாகச் செல்லும்.

ஆக, களத்தில் மூன்று. ஒன்று, .45-70 தோட்டா போடும் இரட்டைக்குழல். இரண்டு, அதே தோட்டாவுக்கான லீவர் ரைஃபிள், மார்லின் 1895 மாதிரி; டிரிகருக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா உள்ளே போகும். மூன்று, 2019-இல் வந்த .350 லெஜெண்ட் தோட்டாவுக்கான போல்ட் ரைஃபிள்; பக்கத்திலுள்ள கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ள வேண்டும். .45-70 வயதில் மூத்தது. 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்காகப் பிறந்தது.

இரட்டைக்குழலைக் கையில் வாங்கினால் மனசு கொஞ்சம் இளகத்தான் செய்யும். போல்ட்டோ லீவரோ நகர இடம் தேவையில்லை என்பதால் ஒரே நீளக் குழல் இருந்தும் மொத்தத்தில் மூன்று நான்கு அங்குலம் குட்டை. தோளுக்குத் தூக்கினால் தானாக வந்து உட்காரும். இரண்டு டிரிகர்: முன்னது வலக்குழலுக்கு, பின்னது இடக்குழலுக்கு. முதல் வெடி முடிந்ததும் விரலைப் பின்னால் நகர்த்தினால் போதும், கண் குறியை விட்டு விலகாது. வேலி தாண்டும்போது மடக்கித் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். இரண்டு குழலும் காலி என்பது கூட வருபவனுக்கும் பத்தடி தள்ளியே தெரியும்.

சரி, சிக்கல் எங்கே? இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுட வேண்டும் என்பதில்தான். வலக்குழல் வெடித்தால் துப்பாக்கி வலப்பக்கமாகத் துள்ளும், இடக்குழல் இடப்பக்கமாக. அதைக் கணக்கில் எடுத்து, இரண்டு குழல்களையும் முன்னால் லேசாக நெருங்கும்படி ஈயப்பற்று வைத்து ஒட்டுகிறார்கள். பட்டறையில் ஒருவர் சுட்டுப் பார்ப்பார், பற்றை உருக்குவார், முனையிலுள்ள ஆப்பை மயிரிழை நகர்த்துவார், மறுபடி ஒட்டிச் சுடுவார். விலை ஏறுவதற்கு இந்த வேலையும் ஒரு காரணம். இவ்வளவும் ஒரே ஒரு வகைத் தோட்டாவுக்கு, ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு மட்டும்.

இதைக் கண்ணால் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பழைய .45-70 இரட்டைக்குழல் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். 405 கிரெய்ன் எடைக் குண்டுக்கு அது அருமையாகச் சுடும்; 50 கெஜத்தில் இரண்டு ஓட்டையும் காபிக் கோப்பை வாய்க்குள் அடங்கும். ஒரு வருஷம் கடையில் அந்தத் தோட்டா கிடைக்காமல், வேகம் கூடின 300 கிரெய்ன் வாங்கி வந்தார். காகிதத் தட்டை நட்டுச் சுட்டார். வலக்குழல் குண்டு இடப்பக்கம், இடக்குழல் குண்டு வலப்பக்கம், நடுவில் ஒரு சாண். குண்டு சீக்கிரமே வெளியேறிவிட்டதால் துப்பாக்கி துள்ளி நேராக நேரமில்லை, குழல்கள் பார்த்த திசையிலேயே குண்டுகள் குறுக்கே போய்விட்டன. மானின் நெஞ்சுக்கூட்டில் நாம் குறிவைக்கும் இடமே ஒரு சாண்தான். லீவரிலோ போல்ட்டிலோ என்றால் குறியை நாலு திருகு திருகி முடித்திருக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். சூரியன் உதிக்க அரை மணி முன்பே சுடலாம் என்கிறது சட்டம், ஆண் மான் நடமாடுவதும் அந்த நேரம்தான். நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த திங்கட்கிழமை தொடங்கும் துப்பாக்கி வாரம். அந்தச் சாம்பல் வெளிச்சத்தில் இரட்டைக்குழலின் திறந்த குறி ஐம்பதைத் தாண்டிய என் கண்ணுக்கு வெறும் மங்கல். தொலைநோக்கிக் குறியான ஸ்கோப் மாட்டலாம்தான், ஆனால் மாட்டினால் அந்தத் தோள் சுகம் போய்விடும், அப்புறம் எதற்கு அது? மரப் பரணில் ஏறி உட்கார்ந்து வயல் ஓரத்தைப் பார்க்கிறவருக்கு ஸ்கோப் வைத்த போல்ட் ரைஃபிள்தான். 100 கெஜத்துக்குக் குறி வைத்திருந்தால், 200-இல் .350 லெஜெண்ட் குண்டு சுமார் முக்கால் அடிதான் இறங்கும். பழைய 405 கிரெய்ன் .45-70 ஓரடிக்கும் மேல் விழும். உதையும் லெஜெண்டில் குறைவு, விலையும் சில நூறு டாலர். பேச இவ்வளவுதான், சலிப்பூட்டும் அளவுக்கு நல்ல துப்பாக்கி.

லீவரின் பெருமை தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் என்பார்கள். ஒஹாயோவில் அதுவும் பாதிதான், ஏனென்றால் மேகசினும், சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையும் சேர்த்து மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது. இரட்டைக்குழலைவிட ஒன்றே ஒன்று அதிகம். பின் ஏன் நான் லீவர் வைத்திருக்கிறேன்? ஓடைப் பள்ளத்தில் மெல்ல நடந்து தேடும்போது தட்டையான அதன் உடம்பு கைக்குள் அடங்கும், சின்ன ஸ்கோப்பையும் தாங்கும், எந்தக் குண்டு கிடைத்தாலும் குறியைத் திருத்திக்கொள்ளலாம்.

அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கா போனபோது மூன்று வகையையும் கொண்டுபோனார்: ஸ்பிரிங்ஃபீல்ட் போல்ட், .405 வின்செஸ்டர் லீவர், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் இரட்டைக்குழல். கடைசியது ஆங்கிலேய அபிமானிகள் பரிசாகத் தந்தது. புதிய ஐரோப்பிய இரட்டைக்குழல்களில் பல பத்தாயிரம் டாலரைத் தாண்டும் என்பதால், அப்படியொன்றை அடையப் பரிசாகப் பெறுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரட்டைக்குழலிடம் நான் தோற்பேன். வாரக் கடைசியில் ஆறேழு பேர் சேர்ந்து புதரைக் கலைத்து மானை ஓட்டிவிடுவார்கள். வெள்ளை வால் நிமிர, முப்பது கெஜத்தில் மான் பாய்ந்து கடக்கும், இரண்டு விநாடிதான் அவகாசம். ஐரோப்பாவில் காட்டுப்பன்றியை இப்படித்தான் ஓட்டுகிறார்கள், அங்கே இந்தத் துப்பாக்கி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. போன வருஷம் நான் லீவரைத் தோளுக்குத் தூக்குவதற்குள் பெரியவர் சுட்டு முடித்து, துப்பாக்கியை மடக்கித் திறந்து முழங்கையில் போட்டுக்கொண்டு நின்றார். 405 கிரெய்ன் தோட்டாவை இப்போதெல்லாம் ஐந்து பெட்டியாக வாங்கி வைத்துக்கொள்கிறார்.