நன்றிக் குறிப்பேடு: 'ஏன்' என்று எழுத இடம் இருக்கிறதா?

நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை எழுதி வைப்பதற்கென்று அச்சிட்டு விற்கும் நன்றிக் குறிப்பேடுகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வருகின்றன. ஏ5 அளவு, தேதி போட்ட பக்கம், தலைப்பில் ஒரு பொன்மொழி, காலைக்கு மூன்று வரி, இரவுக்கு மூன்று வரி. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அட்டையை விட்டுவிட்டு உள்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில் பயிற்சி இப்படித்தான் இருந்தது: ஒரு வாரம், தினமும் இரவில், அன்று நன்றாக நடந்த மூன்றை எழுத வேண்டும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுத வேண்டும். அதன் பலன் ஆறு மாதம் வரை தெரிந்தது. குறிப்பேடு தயாரிப்பவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். இந்த வகைக் குறிப்பேடுகளின் பெரிய குறை அதுதான்.

ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரி மட்டும் இருந்தால் கை தானாகச் சுருக்கி எழுதும். 'குடும்பம், உடல்நலம், நல்ல தூக்கம்' என்பதே பத்தாம் நாளும் வரும், இருபதாம் நாளும் வரும். அதை எழுதும்போது மனதில் எந்தக் காட்சியும் எழாது. ஐந்து வரி இருந்தால் இப்படி எழுதலாம்: 'படிக்கட்டில் பை கிழிந்து சாமான் உருண்டது. மேல்மாடிக்காரர் இறங்கி வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார். ஏன்? அவசரமாகக் கிளம்பியவர்தான், ஆனாலும் நின்றார்.' கடைசி வாக்கியத்தில்தான் பயிற்சியே இருக்கிறது. நல்லது தானாக நடக்கவில்லை, ஒருவர் செய்ததால் நடந்தது என்று அங்கேதான் உறைக்கிறது.

அடுத்த குறை, தேதி. நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு வெற்றுப் பக்கங்கள் குற்றவுணர்வைக் கிளப்பும். பலர் அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள். தினமும் எழுதியே ஆக வேண்டும் என்றும் இல்லை. உளவியலாளர் சோன்யா லியூபோமிர்ஸ்கியின் ஆறு வார ஆய்வில் பலன் கண்டவர்கள் வாரம் ஒருமுறை எழுதியவர்கள்தான். வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. பழகிப்போனால் கூர்மை மழுங்கிவிடுகிறது. ஆகவே தேதி போடாத ஏடே மேல். முதல் வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு ஒரு நாள், பத்துப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாள் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். மைப்பேனா என்றால் 90 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). பால்பாயிண்டுக்கு 80 போதும். நூல் தைத்த கட்டு விரித்தால் விரிந்தபடி கிடக்கும். வெறும் பசைக் கட்டு நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும், அழுத்தினால் தாள் கழன்று வரும். கோடுகளுக்கு நடுவே 8 மில்லிமீட்டராவது வேண்டும். 6 மில்லிமீட்டரில் தமிழ் எழுதினால் புள்ளியும் சுழியும் மேல்வரியில் முட்டும்.

சில ஏடுகளில் கேள்விகளும் அச்சிட்டிருப்பார்கள். 'இன்று எதற்கு நன்றி?' என்பதையே சொல் மாற்றிக் கேட்டால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். 'இந்த மனிதரைச் சந்திக்காமலே போயிருந்தால்?' போன்ற கேள்வி இருந்தால் தாராளமாக வாங்கலாம். இருப்பதை இல்லாததாக நினைத்துப் பார்த்து எழுதுவது அது நடந்ததை மட்டும் நினைத்து எழுதுவதைவிட மனநிலையை உயர்த்துகிறது என்பதை 2008இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. துக்கத்திலோ கடும் மனச்சோர்விலோ இருப்பவருக்கு இதைப் பரிசாக நீட்டாதீர்கள். 'நன்றி சொல்ல ஒன்றுகூடத் தோன்றவில்லையே' என்ற புதுச் சுமையை அது ஏற்றிவிடும். அப்போது அவருக்குத் தேவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஆள், வேண்டுமானால் மருத்துவர்.

இதெல்லாம் அமைந்த அச்சு ஏடு அரிது. நூல் தைத்த, கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்றை எடுத்து, பக்கத்தை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் நடுவிலும் 'ஏன்?' என்று எழுதி வைத்துக்கொண்டால் போதும்.