கோப்பும் பிரின்டரும் வீட்டுக்குள்: கணினிப் பகிர்வா, ரவுட்டர் டிஸ்க்கா, நாஸ் பெட்டியா?

வீட்டில் எல்லாரும் ஒரே கோப்பை எடுக்க மூன்று வழி: கணினியிலுள்ள ஃபோல்டரைப் பகிர்வது, ரவுட்டரில் டிஸ்க் செருகுவது, நாஸ் (நெட்வேர்க்கில் தனியாக நிற்கும் டிஸ்க் பெட்டி) வாங்குவது. மூன்றிலும் கோப்பு போய்ச் சேரும். தேவைப்படும் நேரத்தில் எது விழித்திருக்கும் என்பதை வைத்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும்.

அதற்கு முதல் வயரா வைபையா என்ற கேள்வி. தடித்த சுவருள்ள பழைய கல்வீட்டில் 5 கிகாஹேர்ட்ஸ் வைபை இரண்டு சுவரோடு களைத்துவிடும். 2.4 கிகாஹேர்ட்ஸ் போய்ச் சேரும், ஆனால் மெதுவாக. ரவுட்டர் முன் விறாந்தையிலும் கணினி பின்னறையிலும் இருந்தால் ஒரு கேட்-6 வயர் (நெட்வேர்க் வயரின் ஒரு தரம்) இழுத்துவிடுங்கள். 100 மீற்றர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். கையில் கிடைப்பது செக்கனுக்கு 110 மெகாபைற் அளவு.

கடையில் முழுச் செம்பு வயரா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவுதான், ஆனால் வளைக்கிற இடத்தில் முறியும். நீலச் சோடியிலோ மண்ணிறச் சோடியிலோ ஒரு கம்பி முறிந்தால் பெரும்பாலும் இணைப்பு அறாது, சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். கோப்பு செக்கனுக்கு 11 மெகாபைற்றுக்கு மேல் ஏறவில்லையா? கணினியைக் குறை சொல்ல முதல் வயரின் முனையைப் பாருங்கள். இரு முனையிலும் ஒரே வரிசை: செம்மஞ்சள்-வெள்ளை, செம்மஞ்சள், பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, மண்ணிற-வெள்ளை, மண்ணிறம்.

ஒரே வளவுக்குள் இரண்டு வீடு என்றால் முற்றத்துக்கு மேலால் செம்பு வயர் கட்டவேண்டாம். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் இரண்டு பக்கப் பெட்டியும் சேர்ந்து போகும். அங்கே வைபை நல்லது, இல்லையேல் ஃபைபர்.

கணினியில் ஃபோல்டரைப் பகிர்வதற்குச் செலவே இல்லை. விண்டோஸில் நெட்வேர்க்கை ‘பிரைவேட்’ ஆக்கி, கோப்பு-பிரின்டர் பகிர்வை இயக்கி, ஃபோல்டருக்கு ‘ஷெயரிங்’, ‘செக்கியூரிற்றி’ இரண்டிலும் அனுமதி கொடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கொடுத்தால் ஃபோல்டர் தெரியும், திறக்காது. மற்றக் கணினி கேட்பது பகிரும் கணினியின் கடவுச்சொல்லை. நாளாந்தம் அடிக்கும் நாலு இலக்க ‘பின்’ எண்ணை அது ஏற்காது. கணினி தூங்கினால் எல்லாம் நின்றுவிடும்.

ரவுட்டரின் யூஎஸ்பியில் டிஸ்க்கைச் செருகினால் தூக்கப் பிரச்சினை இல்லை. கரண்ட் போனாலும் சின்ன யூபிஎஸ் ஒன்று ரவுட்டரைத் தாங்கும். ஆனால் பழைய ரவுட்டர்கள் பல எஸ்எம்பி-1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை மட்டுமே பேசும், விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே வருவதில்லை. அதைத் திரும்பப் போடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பாதுகாப்பில் ஓட்டை விழும். டிஸ்க் ஃபேட்-32 என்ற பழைய முறையில் ஃபோர்மட் செய்தது என்றால் 4 கிகாபைற்றுக்கு மேற்பட்ட கலியாண வீடியோ ஏறாது.

நாஸ் பெட்டிதான் மூன்றிலும் விலை கூடியது. இரண்டு டிஸ்க்கில் ஒரே பிரதி இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது நிற்கும். அதைக் காப்புப்பிரதி என்று நம்பிவிடாதீர்கள்: தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் ஆபத்து. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரையும் நாஸில் செருகினால் அது தானாகவே ஒழுங்காக அணையும். வீடியோ தொழில் செய்கிறவருக்கு இது சரி. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதல் வழியே போதும்.

பிரின்டரில் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. தானே வைபையில் சேரும் பிரின்டர் வாங்குங்கள், போனிலிருந்தும் அடிக்கலாம். கணினியில் செருகிப் பகிரும் வழியில் 2021 செப்டெம்பர் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின் 0x0000011b என்ற பிழை பலருக்கு வந்தது. இரண்டு கணினியையும் புதுப்பிப்பதே மருந்து. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியல்) கைவைக்கும் குறுக்குவழி அந்தப் பாதுகாப்பையே கழற்றிவிடும்.

வைபை பிரின்டர் கரண்ட் வந்தபின் ‘ஓஃப்லைன்’ என்று காட்டினால், ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கக்கூடும். ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரி பங்கிடும்) பக்கத்தில் ஒரு முகவரியை அதற்கென ஒதுக்கிவிடுங்கள்.

ஃபைபர் ரவுட்டரோடு ஒரு 4ஜி ரவுட்டரும் ஓடுகிற வீடு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். போனின் ஐபி முகவரி 192.168.8 என்றும் பிரின்டரின் முகவரி 192.168.1 என்றும் தொடங்கினால் ஒன்றையொன்று காணாது. 4ஜியை அணைத்து வைத்து, ஃபைபர் விழும் நாளில் மட்டும் போடுங்கள்.