டிஏஓ கேப்சூல்: வேலை குடலோடு சரி

ஹிஸ்டமின் (சில உணவுகளிலும் நம் உடம்பிலும் இருக்கும் வேதிப்பொருள்) ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்று விற்கும் டிஏஓ கேப்சூல் டப்பாவில் "ரத்தத்தில் சேர்ந்த ஹிஸ்டமினை நீக்கும்" என்று போட்டிருந்தால், அதை நம்பி வாங்காதீர்கள். டிஏஓ, அதாவது ஹிஸ்டமினை உடைக்கும் டையமின் ஆக்சிடேஸ் என்ற நொதி, பெரிய புரதம். அது குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது. சாப்பாட்டோடு வந்த ஹிஸ்டமினைக் குடலுக்குள்ளேயே உடைக்கும், அவ்வளவுதான்.

ரத்தத்துக்குள் போனதை உடம்பே சில நிமிடங்களில் வெளுத்துக் கட்டிவிடும். செல்களுக்குள் எச்என்எம்டி என்ற நொதி அதில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டும். பிறகு மோனோஅமின் ஆக்சிடேஸ்-பி கை வைக்கும். கடைசியில் அமிலமாகிச் சிறுநீரில் இறங்கும். பழைய சீஸ் போன்ற உணவில் இருக்கும் டைரமின் வேறு கணக்கு, அதற்கு இந்தக் கேப்சூலை நம்ப முடியாது: குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள மோனோஅமின் ஆக்சிடேஸ்தான் அதற்குப் பொறுப்பு. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் கேப்சூல் துணையிருக்கிறதென்று டைரமின் மிகுந்த உணவைத் தொட்டால், ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும்.

வாங்கியதும் ஒன்றைத் திறந்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகளாக உருண்டால் நல்லது. பெரும்பாலும் அவை அமிலம் தாங்கும் பூச்சு போட்டவை. விரலில் ஒட்டும் வெறும் தூளாக இருந்து, கேப்சூல் ஓட்டுக்கும் அந்தப் பூச்சு இல்லையென்றால் காசு வீண். இரைப்பை அமிலத்திலேயே நொதி செத்துவிடும். உருண்டைகளைக் கடித்து மென்றாலும் அதே கதி. சாப்பாட்டுக்கு 15–20 நிமிடம் முன்னால் தண்ணீரோடு விழுங்க வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டால், ஹிஸ்டமின் முந்திக்கொள்ளும்.

பன்றிச் சிறுநீரகத்திலிருந்து எடுப்பதில் ஒரு கேப்சூலுக்கு வழக்கமான நொதி அளவு 0.3 மி.கி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாளைக்கு உச்சம் 0.9 மி.கி., அதாவது 3 கேப்சூல். சைவர்களுக்குப் பட்டாணி முளையிலிருந்து எடுத்தது உண்டு. டப்பாவில் உள்ள எச்டியு (ஹிஸ்டமினை உடைக்கும் திறனின் அலகு) எண் பெரிதாக இருப்பதை வைத்து இரண்டு பிராண்டுகளை ஒப்பிட வேண்டாம். அளக்கும் முறை ஆளுக்கொன்று.

கூடவே வைட்டமின் பி6 சேர்ப்பது வெறும் அலங்காரம். இந்த நொதிக்கு வேண்டியது செம்பும், அது தன் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்தே செய்துகொள்ளும் டோபாகுவினோன் என்ற துணைப்பொருளும். அதிக அளவு பி6 நீண்ட நாள் போனால் நரம்பைப் பாதிக்கும் என்பது வேறு.

சிறிய ஆய்வுகளில் சிலருக்குத் தலைவலியும் வயிற்று உப்புசமும் குறைந்திருக்கின்றன. ஒவ்வாமையில் மாஸ்ட் செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் கொட்டும் ஹிஸ்டமினுக்கு இது உதவாது. மூச்சு திணறினால் கேப்சூலைத் தேடாமல் அட்ரினலின் ஊசிக்கு ஓடுங்கள். கிளாவுலானிக் அமிலம் கலந்த ஆன்டிபயாட்டிக், குளோரோகுயின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: இவை டிஏஓவையே முடக்குபவை.