சாங்கியிலிருந்து நியூயார்க்: எங்கும் இறங்காத 15,300 கிலோமீட்டர்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு இடைநில்லாமல் செல்லும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேவையில், முழங்கால் வலியுள்ள என் தாயாரை ஒரு ஜூன் மாதத்தில் அழைத்துச் சென்றேன். கூடுதல் கட்டணம் தகுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இரு நிலையங்களுக்கும் இடையே நேர்தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கிச் சென்றாலும் 16,500 கிலோமீட்டர்தான் ஆகும். எனவே தூரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நேரம்தான் உண்மையைச் சொல்கிறது. இடைநில்லா விமானத்துக்கு 19 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும், ஃபிராங்க்ஃபர்ட் வழிக்கு ஏறத்தாழ 23 மணி நேரமும் பிடிக்கின்றன. அந்த நான்கு மணி நேரத்தைவிட, தூக்கத்தின் நடுவே எழுந்து பாதுகாப்புச் சோதனை வரிசையில் மீண்டும் நிற்க வேண்டியதில்லை என்பதே அம்மாவுக்குப் பெரிதாக இருந்தது.

சீட்டு எடுத்துக் கொடுத்த முகவர் (பெயர் வேண்டாம்) தந்த தாளில், பயண நேரம் ஆறரை மணி என்று அச்சாகியிருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்டு மறுநாள் காலை ஆறு மணியளவில் சேர்வதை அப்படியே கழித்துப் போட்டிருக்கிறார்கள். இரு நகரங்களுக்கும் கோடையில் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. மருந்து வேளைகளை அந்தத் தாளை நம்பி வகுத்திருந்தால் பெரும் இடராகியிருக்கும். முதியவர்களை அனுப்புவோர் இதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைப்பதற்காக இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண எக்கானமி வகுப்பே கிடையாது. பிசினஸில் 67, பிரீமியம் எக்கானமியில் 94. பிரீமியம் எக்கானமியின் கடைசி மூன்று வரிசைகளில் சன்னலோரம் தனி இருக்கைகள் உள்ளன. அவற்றில் ஒன்றை அம்மாவுக்கு முன்பதிவு செய்தோம். சன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள பெட்டியில் அவர் மருந்துப் பை, சால்வை, தண்ணீர்ப் புட்டி மூன்றையும் வைத்துக்கொண்டார். எழும்போது யாரையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை. ஆயினும் அத்தனை நேரம் உட்காருவது எளிதன்று. இரண்டு மணிக்கொரு முறை அவரை நடக்க வைத்தேன். கால் வீக்கம் குறைவாகவே இருந்தது.

அன்று காற்றின் போக்கைப் பார்த்துப் பசிபிக் வழியாகச் சென்றார்கள். புறப்பட்டுச் சில மணி நேரத்தில் விடிந்தது. தேதிக்கோட்டைக் கடந்ததும் முந்தைய நாளுக்கே திரும்பிவிட்டோம். கனடாவின் மேல் அந்த நாளுக்கே மீண்டும் இருட்டியது. சன்னல் திரையை ஒரு விரல் அளவுக்கு உயர்த்தி, "இதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சா?" என்று அம்மா கேட்டார்.

திரும்பும் பயணத்தில் கணக்கு தலைகீழாகும். நியூயார்க்கில் இரவு பத்தரை மணியளவில் ஏறினால், தேதியில் இரண்டு நாள் கூடி, விடியற்காலையில்தான் சாங்கியில் இறங்குவோம். அழைத்துப்போக வருபவரிடம் கிழமையையும் தேதியையும் சேர்த்தே சொல்லிவையுங்கள்.