எமரால்டு பக்கத்து டிரவுட் தூண்டில் சேவை: ஒரு மதிப்பீடு

நீலகிரியின் எமரால்டு அருகே ஒரு தங்கும் விடுதி, அனுமதிச்சீட்டு, தூண்டில், வழிகாட்டி, மதிய உணவு ஆகிய யாவற்றையும் சேர்த்து டிரவுட் மீன் பிடிக்கும் சேவையை வழங்குகிறது. ஏற்பாடுகளில் குறையில்லை, மிளகு தடவிப் பொரித்த மீனும் அருமை. தகவல் தரும் முறைதான் ஏமாற்றமளித்தது.

ஓடையில் மீன் குறைந்தால் பண்ணைக் குஞ்சுகளை விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று வழிகாட்டி எளிதாகச் சொல்லிவிட்டார். ஆனால் இங்கே பிடிக்கப்படும் வானவில் டிரவுட் நீலகிரிக்கு உரிய மீனன்று. பசிபிக் கரையோரப் பகுதிகளைச் சேர்ந்த அந்த மீனை இங்கே வளர்க்க, 1907-இல் நீலகிரியின் அவலாஞ்சியில் வில்சன் என்பவர் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். இங்கே அதற்கு நெருங்கிய உறவுள்ள காட்டு மீன் இல்லாததால் இனக்கலப்புக்கு இடமில்லை. ஆனால் நீர்ப்பூச்சிகளையும் சிறு மீன்களையும் தின்னும் இந்த வேட்டை மீனைத் தொடர்ந்து விட்டால், பாறை இடுக்குகளில் வாழும் சிறிய உள்ளூர் மீன்களுக்கு இரைப் போட்டியும் உயிராபத்தும் ஒருங்கே நேரும். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இதுவும் உண்டு என்பதை விடுதியின் வண்ணக் கையேடு வசதியாக மறந்துவிட்டது.

தாயகத்திலும் கதை வேறு விதத்தில் சிக்கலானதே. அமெரிக்காவின் ஹூட் ஆற்றில், கடலுக்குச் சென்று திரும்பும் இதே இனத்தை ஆராய்ந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, தொட்டியில் வளர்க்கப்படும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கையில் இனப்பெருக்க வெற்றி சுமார் 40 விழுக்காடு குறைவதாகக் காட்டியது. தொட்டியில் தேறும் மீன் ஆற்றில் தேறுவதில்லை. காட்டு மீனுடன் கலந்தால் அந்தப் பலவீனம் சந்ததிக்கும் செல்லக்கூடும்.

உணவுக்கு ஐந்துக்கு நான்கு, விளக்கத்துக்கு ஒன்று. மீன் பிடிக்க விரும்புவோர் தாராளமாகச் செல்லலாம். பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் கிடைக்கும் என்று நம்பிச் செல்ல வேண்டாம்.