நகானோ பிராட்வே மண்டராகே: நவுஷிகாவையும் டெட்டோவையும் தேடுகிறவர்களுக்கு

மியாசாகியின் ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நவுஷிகா’ படத்து நாயகி நவுஷிகாவின் பொம்மை வாங்கப் போனால் முதலில் அவளோடு திரியும் நரியணில் டெட்டோவைப் பாருங்கள். இருக்கிறதா, எங்கே உட்கார்ந்திருக்கிறது, வால் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் இளவரசியின் முகத்துக்கு வாருங்கள். காற்றுப் பள்ளத்தாக்கின் இளவரசியை ஓரளவுக்கு வடித்துவிட நிறையப் பேருக்குக் கை வரும். அவள் தோளில் தொற்றிக்கொண்டிருக்கிற நரியணிலைச் சுண்டுவிரல் நுனி அளவில் உயிரோடு கொண்டுவருவதில்தான் வடித்தவரின் திறமை தெரியும்.

தோக்கியோவில் இந்த ஜோடியைத் தேடி அலைகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம் நகானோ பிராட்வே என்ற கட்டடத்தில் இருக்கும் மண்டராகே என்ற பழைய பொருள் கடை. அந்தக் கடையைப் பற்றித்தான் இது. அங்கே நான் வாங்கிய ஒரு பொம்மையையும், அதை வீட்டில் வைத்திருக்கும் விதத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். வாங்குவது பாதி வேலைதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி இதை 1982-ல் ‘அனிமேஜ்’ இதழில் சித்திரத் தொடராக வரைய ஆரம்பித்தார். படம் 1984 மார்ச்சில் வந்தது. அவருடைய படக் கம்பெனியான ஸ்டூடியோ ஜிப்லி தொடங்கியதே அதற்கு அடுத்த வருடம்தான். சித்திரத் தொடர் 1994 வரை போய் ஏழு தொகுதிகளாக நிற்கிறது. படத்தின் ஆரம்பத்தில் ஆசான் யூபா ஒரு காட்டு நரியணிலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். நவுஷிகா கையை நீட்டுவாள். அது பயத்தில் அவள் விரலைக் கடித்துவிடும். ரத்தம் வந்தும் அவள் கையை இழுக்க மாட்டாள். பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே காத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் அது கடித்த இடத்தையே நக்கிக் கொடுக்கும். அதற்கப்புறம் அவளை விட்டு அது நகர்வதில்லை. அவள் யார் என்பதை அந்தச் சின்னக் காட்சியிலேயே சொல்லி முடித்துவிடுகிறார் மியாசாகி. தொடரை ஏழு தொகுதியும் படித்தவர்களுக்கு டெட்டோவுக்கு என்ன ஆகிறது என்று தெரியும். நான் இங்கே சொல்லப் போவதில்லை. அதைப் படித்தபிறகு டெட்டோ இல்லாத நவுஷிகா பொம்மையை என்னால் வீட்டில் வைத்துக்கொள்ள முடிவதில்லை என்பது மட்டும் உண்மை.

புதுப் பொருள்தான் வேண்டும் என்றால் ஜிப்லி பொருட்கள் விற்கும் ‘தொங்குரி க்யோவாகொகு’ கடைகள் இருக்கின்றன. ஸ்கைட்ரீ கோபுரத்து அடிவாரத்தில் சோலமாச்சி வணிக வளாகத்தில் ஒன்று உண்டு. தரம் நன்றாக இருக்கும், பயப்படாமல் வாங்கலாம். ஆனால் நான் போகும்போதெல்லாம் தொத்தோரோவும் கருப்புப் பூனை ஜிஜியும்தான் அலமாரி அலமாரியாக இருக்கிறார்கள். நவுஷிகாவுக்கு ஓர் ஓரம்தான். பழைய சரக்கு, வருடக்கணக்காகத் தயாரிப்பில் இல்லாதது, கைவேலைப்பாடு, இதெல்லாம் வேண்டுமென்றால் நகானோதான்.

நிஷி-கசாய் பக்கம் இருக்கிற நம்மவர்களுக்கு வழி ரொம்ப எளிது. தோசாய் மெட்ரோ லைனில் ஏறினால் மாறாமல் நகானோவிலேயே இறங்கலாம். வடக்கு வாசலில் வெளியே வந்தால் எதிரிலேயே சன்மால் என்ற கூரை போட்ட கடைத்தெரு. அதன் மறுமுனைதான் பிராட்வே. 1966-ல் திறந்த கட்டடம். கீழே கடைகள், ஐந்தாம் தளத்திலிருந்து மேலே குடியிருப்பு. முதல்முறை போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தரைத்தளத்து எஸ்கலேட்டர் இரண்டாவது தளத்தில் நிற்காது, நேரே மூன்றாவதில் கொண்டுபோய் விடும். (ஜப்பானில் தரைத்தளமே ஒன்றாம் தளம்.) இரண்டாவதுக்குப் படியிறங்கி வர வேண்டும். மண்டராகே கடைகள் பகல் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும், இரவு எட்டுக்கு மூடும். காலையிலேயே போய் நிற்காதீர்கள்.

மண்டராகே ஒரே கடை கிடையாது. 1980-ல் இதே கட்டடத்தில் பழைய மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) புத்தகக் கடையாகத் தொடங்கியது. இன்றைக்கு மாடி மாடியாகச் சிதறிய சின்னச் சின்னக் கடைகளாக, வகைக்கு ஒன்றாக இருக்கிறது. நாலாவது தளத்தில் ‘ஹென்யா’ என்று ஒன்று, வாசலில் ஜப்பானியக் கோவில்களில் இருப்பது போன்ற சிவப்புத் தொரி வளைவுகள் வரிசையாக நிற்கும். தகர பொம்மைகளும் பழங்காலப் பொருட்களும் அங்கே. வாங்காவிட்டாலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். நமக்கு வேண்டியது ஃபிகர், அதாவது பாத்திர பொம்மை, கடைகள். கண்ணாடி அலமாரிகள் தலைக்கு மேல் வரை, எல்லாம் பூட்டியிருக்கும். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று குறித்துக்கொண்டு கடைக்காரரைக் கூப்பிட வேண்டும்.

இந்தக் கடையிடம் எனக்குள்ள பெரிய மரியாதைக்குக் காரணம் அந்த விலைச்சீட்டுதான். ஒவ்வொரு பொருளிலும் ஒரு சின்ன அட்டை. விலையோடு பொருளின் குறையும் அதில் எழுதியிருக்கும். ‘மிகைஃபூ’ என்றால் பெட்டி பிரிக்கப்படவில்லை. ‘ஹாகோ இதாமி’ என்றால் பெட்டி நசுங்கியோ கிழிந்தோ இருக்கிறது, உள்ளே உள்ளதைப் பற்றி அதில் பேச்சில்லை. நமக்கு முக்கியமானது ‘கெப்பின்’. அதாவது ஏதோ ஒரு பாகம் இல்லை. நவுஷிகா விஷயத்தில் அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் டெட்டோதான். சின்ன உருவம், தோளில் ஒரு முளையில் செருகியிருக்கும், வீடு மாறும்போதும் தூசி துடைக்கும்போதும் விழுந்து காணாமல் போய்விடும். முன்பு இணையத்தில் ஒருவரிடம் வாங்கியபோது படத்தில் டெட்டோ இருந்தது, வந்த பெட்டியில் இல்லை. கேட்டதற்கு, படம் மாதிரிக்காகப் போட்டது என்று பதில் வந்தது. அந்த வகை அனுபவம் எனக்கு மண்டராகேயில் ஏற்பட்டதே இல்லை.

நான் வாங்கியது ஒரு கேரேஜ் கிட். கம்பெனி அச்சில் ஆயிரக்கணக்கில் வருவது ஒரு வகை. பொம்மைப் பித்துள்ள ஒருவர் தானே வடித்து, சிலிகான் அச்செடுத்து, ரெசினில் கொஞ்சம் பிரதிகள் மட்டும் வார்த்து விற்பது கேரேஜ் கிட். வாங்குகிறவர் தான் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, வர்ணம் அடித்துக்கொள்ள வேண்டும். ‘வொண்டர் ஃபெஸ்டிவல்’ மாதிரியான விழாக்களில் அந்த ஒரு நாளுக்கு மட்டும் உரிமையாளரிடம் அனுமதி பெற்று விற்கும் முறைகூட இங்கே உண்டு. அன்றைக்கு விற்றதோடு சரி, மறுநாள் கிடைக்காது. இப்படிப்பட்டவை வருடங்கள் கழித்து இரண்டாம் கையாக வந்து சேர்கிற இடம் இந்த அலமாரிகள்தான்.

சீட்டை என் மகள்தான் படித்தாள். அவளுக்குக் கான்ஜி எழுத்து என்னைவிட வேகமாக வரும். “அம்மா, ஒட்டி வர்ணம் அடிச்சதாம், பெட்டி கிடையாதாம். டெட்டோ வால் ஒடிஞ்சு சரி பண்ணியிருக்காங்கன்னு போட்டிருக்கு.” விலை 14,000 யென்.

கடைக்காரப் பையன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்தார். கறுப்புத் துணி விரித்த தட்டில் பொம்மையை வைத்து, பாதத்தைப் பிடித்து மெதுவாகச் சுழற்றிக் காட்டினார். வால் பக்கம் வந்ததும் நிறுத்தி, சின்ன டார்ச்சை அடித்து, ஒடிந்த இடத்தை அவரே விரல் நீட்டிக் காட்டினார். “இங்கே பாருங்கள், உள்ளே பித்தளைக் கம்பி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பிடிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வர்ணம் ஒரு மாற்று வெளிறியிருக்கிறது. பரவாயில்லையா?” விற்க வேண்டியவர் குறையை டார்ச் அடித்துக் காட்டுகிறார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

இனி பொம்மை. உயரம் ஒரு சாண். நீல மேலாடை, இடுப்பில் வார், காதில் சிவப்புத் தோடு, ஒரு கால் முன்னால் வைத்து நிற்கிறாள். டெட்டோ அவள் வலது தோளில். இளமஞ்சள் உடம்பு, முதுகில் பழுப்பு வரிகள், தன் உடம்பளவுக்குப் பருத்த வால். அந்த வால் அவள் பிடரியைச் சுற்றி மறுபக்கத் தோளில் வந்து படிகிறது. முன்னங்கால் ஒன்று அவள் காலரைப் பற்றியிருக்கிறது, பற்றின இடத்தில் துணி மடிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இருக்குமா அந்த மடிப்பு? அதை வடித்த மனிதருக்குக் கும்பிடு போடத் தோன்றியது. அவர் பெயர் எதிலும் இல்லை. நவுஷிகாவின் இடது கை நெஞ்சளவில் உயர்ந்திருக்கிறது. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பொட்டுச் சிவப்பு. கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வர்ணம் அடித்தவர் கதையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அடித்திருக்கிறார்.

குறையும் சொல்கிறேன். தலைமுடியில் செம்பழுப்பு ஒரே பூச்சாக இருக்கிறது, நிழல் கொடுக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே அச்சுக்கோடு சரியாகத் தேய்க்கப்படாமல் தடவினால் நெருடுகிறது. இரண்டும் அலமாரியில் வைத்தால் கண்ணில் படாது. வால் ஒட்டுப்போட்டதால்தான் இந்த விலைக்குக் கிடைத்தது என்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

வாங்கிய பிறகுதான் வேலை ஆரம்பம். ரெசினுக்கு வெயில் ஆகாது, நாளாக நாளாக மஞ்சளித்துவிடும். எங்கள் கூடத்தில் ஜன்னல் தெற்குப் பார்த்தது. அதனால் அலமாரியை ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் போட்டு, உள்ளே சூடாகாத எல்.இ.டி. பட்டை ஒன்று மட்டும் ஒட்டியிருக்கிறேன். பி.வி.சி. பொம்மைகளுக்கு வேறு பிரச்சினை. காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியில், அதுவும் தோக்கியோ ஆகஸ்ட் புழுக்கத்தில், மேலெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிடும். அது அழுக்கு அல்ல, பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்ல வெளியே கசிவது. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினால் சரியாகிவிடும். அவ்வப்போது கதவைத் திறந்து வையுங்கள்.

நிலநடுக்கம் இங்கே அன்றாட விஷயம். பாதத்துக்கு அடியில் ஜெல் அட்டை வைக்காமல் எதையும் தட்டில் நிறுத்தாதீர்கள். நூறு யென் கடையிலேயே கிடைக்கும். டெட்டோவுக்குத் தனியாக ஒரு மிளகளவு ஜெல்லைக் கிள்ளி, உட்காரும் இடத்தில் வைத்திருக்கிறேன். குலுக்கலில் முதலில் கழன்று விழுவது அதுதான்.

உயரம் ரொம்ப முக்கியம். கீழ்த் தட்டில் வைத்தால் நவுஷிகாவின் உச்சந்தலைதான் தெரியும், டெட்டோ முடிக்குள் மறைந்துவிடும். டெட்டோவின் கண் நம் கண்ணுக்கு நேராக வரும் தட்டில் வையுங்கள். பின்னணி வெள்ளையாக இருந்தால் அந்த இளமஞ்சள் கரைந்துபோகும். நான் சாம்பல் கலந்த பச்சைத் தாள் ஒட்டினேன், வால் முடி ஒவ்வொன்றும் எடுத்துத் தெரிகிறது. பக்கத்தில் கதையில் வரும் ராட்சதப் பூச்சி ஓமு, நவுஷிகாவின் மேவே பறவைக்கலம் என்று எல்லாவற்றையும் நெருக்கி வைக்க ஆசை வரும். ஒரு தட்டில் இந்த ஜோடி மட்டும் இருக்கட்டும். என் மகள் மேவேயை மேல் தட்டுக்கு மாற்றிய அன்றைக்குத்தான் இந்தத் தட்டுக்கு மூச்சு வந்தது.

டெட்டோ மட்டும் தொலைந்துபோனவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தனி நரியணில் என்று விற்பதெல்லாம் டெட்டோ கிடையாது. 1986-ல் வந்த ‘லபுட்டா’ படத்தில் தோட்டத்து ரோபோவின் மேல் ஏறி விளையாடுவதும் நரியணில்கள்தான். ரோபோ பொம்மையிலிருந்து கழன்றவற்றை டெட்டோ என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். அளவு ஒத்துவராது, உட்காரும் விதமும் ஒத்துவராது. பிராட்வேயிலேயே தனி ஆட்கள் சின்னக் கண்ணாடிப் பெட்டியை வாடகைக்கு எடுத்து விற்கும் கடைகள் உண்டு. உதிரிப் பாகம் தேடுகிறவர்கள் அங்கே பொறுமையாகப் பாருங்கள், கையோடு உங்கள் பொம்மையின் தோள் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள்.

மண்டராகேயில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. சந்து சந்தாக இருக்கும் கடைகளில் தோளில் பை மாட்டிக்கொண்டு திரும்ப முடியாது. சின்னக் குழந்தையோடு சனி ஞாயிறு போவது சிரமம். படம் எடுக்க விடமாட்டார்கள், ஆகவே வீட்டில் கேட்டு முடிவு செய்வதெல்லாம் நடக்காது. பிரிக்காத பெட்டிக்கு அவர்கள் வைக்கும் விலை எனக்குக் கட்டுப்படியாவதில்லை. வரிவிலக்கு சுற்றுலா வருகிறவர்களுக்குத்தான், இங்கே குடியிருக்கிற நமக்குக் கிடையாது.

அலமாரியில் வைத்துத் தினமும் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ‘ஹாகோ இதாமி’ சீட்டு உள்ளதைத் தைரியமாக எடுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால் விலை நன்றாகவே இறங்கும், உள்ளே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ‘கெப்பின்’ என்று போட்டிருந்தால் மட்டும் எது இல்லை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்டால் திறந்து காட்டுவார்கள். வார நாளில் திறந்த உடனே போனால் கடைக்காரர்களுக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும்.